பூசையில் இருந்த ஜாக்கி

தீயணைப்புப் பயிற்சிக்கு வந்திருக்கிற தம்பிகளா, தங்கைகளா, உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். முப்பத்திரண்டு வருஷம் தீயணைப்பு வேலை பார்த்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஆளைக் கூப்பிட்டால் அவன் என்ன சொல்வான்? பஞ்சுக் கிடங்கு பற்றி எரிந்ததைச் சொல்வான், தாமிரபரணியில் வெள்ளம் வந்தபோது கயிறு கட்டி ஆட்களை இழுத்ததைச் சொல்வான், நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான். அந்தக் கதைகள் எனக்கும் உண்டு. ஆனால் அவற்றைச் சொன்னால் உங்களுக்கு என் மேல் மரியாதை வரும், அதற்கு மேல் ஒன்றும் வராது. அதனால் வீட்டு வாசலில் நிற்கிற காரைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதில் நான் அசடு வழிந்த கதை ஒன்று இருக்கிறது.

சிரிக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் வந்தால் நமக்குக் கிணறு, பாம்பு இரண்டுக்கும் அடுத்தபடியாக வரும் அழைப்பு, வாசலில் காரைப் பிரித்து மாட்டிக்கொண்டவர்களுடையதுதான். பட்டறைக்குக் கொண்டுபோனால் மெக்கானிக் ஏமாற்றிவிடுவான் என்று நம் ஆட்களுக்கு ஒரு நினைப்பு. கையில் போன் இருக்கிறது, போனில் வீடியோ இருக்கிறது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

சாத்தான்குளத்தில் ஒரு புது மாப்பிள்ளை, மாமனார் வீட்டு வாசலில் காரைத் திறந்து பேட்டரியைக் கழற்றப் போனார். மாமனார் போட்ட மோதிரம் விரலில் இருந்தது. அது ஸ்பானருக்கும் இரும்புக்கும் நடுவில் மாட்டி, மின்சாரம் பாய்ந்து, மோதிரம் பழுக்கச் சூடாகிவிட்டது. நாங்கள் போகும்போது விரல் வீங்கிக் கிடக்கிறது. மோதிரத்தை வெட்ட வேண்டும் என்றேன். மாப்பிள்ளை விரலை மடக்கிக்கொண்டு, “மாமா என்ன நினைப்பாரு சார்” என்கிறார். மாமனார் பக்கத்தில் நின்று, “நான் ஒண்ணும் நினைக்கல மாப்ள, வெட்டச் சொல்லுங்க, எம் பொண்ணு என்னைய ஏசுதா” என்று கெஞ்சுகிறார். வெட்டினோம். விரல் பிழைத்தது. அன்றிலிருந்து பேட்டரியில் கை வைக்கும் யாரைப் பார்த்தாலும் முதலில் மோதிரத்தைக் கழற்றச் சொல்வது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அது சின்னது. இனி பெரியதுக்கு வருகிறேன்.

அன்றைக்கு ஆயுத பூசை. எங்கள் நிலைய அலுவலர் பாதி ஆட்களைக் கூட்டிக்கொண்டு தசராக் கூட்டத்துக்குப் பாதுகாப்புக்குப் போயிருந்தார். நிலையத்தில் மிச்சம் இருந்தது நாங்கள் ஆறு பேர், ஒரு வண்டி. ஆறு பேரில் மூத்தவன் நான், பொறுப்பும் என்னுடையது.

நிலையத்தில் ஆயுத பூசை எப்படி நடக்கும் என்று நீங்கள் இனிமேல் பார்ப்பீர்கள். வண்டிப் பெட்டிகளில் இருக்கிற சாமான் முழுவதும் முந்தின நாளே வெளியே வந்துவிடும். கோடாலி, கடப்பாரை, கயிறு, முட்டுக் கொடுக்கிற மரக்கட்டைகள், ஜாக்கி எல்லாவற்றையும் தேய்த்துத் துடைத்து எண்ணெய் போட்டு, மேசையில் சிவப்புத் துணி விரித்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்குவோம். ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. வண்டிக்கு இரண்டு பக்கமும் வாழைக்கன்று, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். வீடுகளில் பூசையில் வைத்த ஆயுதத்தை மறுநாள்தான் எடுப்பார்கள். தீ மறுநாள் வரை காத்திருக்காது என்பதால், கற்பூரம் அணைந்த உடனே சாமான்களைப் பெட்டிக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது எங்கள் அலுவலர் போட்டிருந்த விதி. அன்றைக்குக் கற்பூரம் அணைந்தது. சுண்டல் வந்தது. சூடான கொண்டைக்கடலைச் சுண்டல், தேங்காயும் மாங்காயும் போட்டது. “சாப்பிட்டுட்டு ஏத்திக்கிடலாம்டே” என்று சொன்னது நான்தான்.

இரண்டாவது கை சுண்டல் வாய்க்குப் போகும்போது போன் அடித்தது. ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு தெருவில், வீட்டு வாசலில் காருக்கு அடியில் ஒருவர் மாட்டிக்கொண்டார், உயிர் இருக்கிறது, சீக்கிரம் வாருங்கள். தொன்னையைப் போட்டுவிட்டு ஓடினோம். ஓடுகிற போக்கில் அந்த மேசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நான் நேராகப் பார்த்துக் கும்பிட்டது ஜாக்கியைத்தான். கும்பிட்டேனே தவிர எடுக்கத் தோன்றவில்லை. மூன்று நிமிஷத்தில் வண்டியைக் கிளப்பிவிட்டோம் என்று எனக்குப் பெருமை வேறு.

நாலு எலுமிச்சம்பழத்தையும் நசுக்கிக்கொண்டு கிளம்பிய வண்டி, வாழைக்கன்று ஆட, மாவிலை பறக்க, சைரன் போட்டுக்கொண்டு போகிறது. எங்கள் நெற்றியில் எல்லாம் சந்தனம். வழியில் பிள்ளைகள் ஊர்வலம் என்று நினைத்துக் கை தட்டினார்கள். ஒரு பெரியவர் ரோட்டின் நடுவில் நின்று வழி விடாமல் கும்பிட்டார். எங்கள் டிரைவர், “ஒத்திப் போங்க அண்ணாச்சி, இது சாமி இல்ல” என்று கத்தினார்.

அங்கே என்ன நடந்தது என்பது எனக்குப் பிறகுதான் முழுசாகத் தெரிந்தது. உங்களுக்குக் குழப்பம் வராமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். பழைய கார் ஒன்று வாங்கி, எல்லா வேலையும் அவரே பார்ப்பார். சாயங்காலம் காருக்குப் பூசை போட்டுக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. முன்சக்கரத்துப் பக்கம் கடகடவென்று ஒரு சத்தம். காலையில் ஜாக்கி வைத்துத் தூக்கி, வீடு கட்ட வாங்கி மிச்சமிருந்த ஹாலோ பிளாக் கல் இரண்டை அடியில் வைத்து, சக்கரத்தைக் கழற்றினார். அதற்குள் உள்ளே இருந்து மனைவி கூப்பிட்டார்: நல்ல நேரம் முடியப் போகிறது, ஆயுதத்தை எல்லாம் கொண்டாங்க. வாத்தியார் உடனே ஜாக்கியை உருவிக் கழுவி, ஸ்பானர் ஒன்று விடாமல் பொறுக்கி, எல்லாவற்றையும் பூசையில் வைத்துவிட்டார். கார் இரண்டு கல் மேல் நிற்கிறது.

பூசை முடிந்தது. ஆயுதத்தைத் தொடக் கூடாது. ஆனால் சத்தம் எங்கே வருகிறது என்ற யோசனை அவரை விடவில்லை. வெறும் கையால் தடவிப் பார்த்தால் அது வேலை ஆகாது, பூசைக்கும் குற்றமில்லை என்று அவரே ஒரு தீர்ப்பு எழுதிக்கொண்டு காருக்கு அடியில் போனார். சாமிக்குக் கொடுத்த வார்த்தையைக் காப்பாற்றினார். ஹாலோ பிளாக் உள்ளே வெற்றிடம் உள்ள கல் என்பது மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிற மனிதருக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை. ஒரு கல் பொடிப்பொடியாக உடைந்தது.

நாங்கள் போய் இறங்கினபோது தெருவே அங்கே நின்றது. காரின் முன்பக்கம் இடது புறம் தரையை நோக்கிச் சாய்ந்து கிடக்கிறது. அடியில் வாத்தியார் மல்லாக்கக் கிடக்கிறார், நெஞ்சின் மேல் இரும்பு. வலது தோளும் மாட்டியிருக்கிறது. கழற்றின சக்கரம் காருக்கு அடியில் படுக்கையாகக் கிடந்ததால் காரின் விளிம்பு அதன் மேல் உட்கார்ந்திருந்தது. அந்த ஒரு டயர்தான் அவருக்கும் முழுப் பாரத்துக்கும் நடுவில். அதுவும் விளிம்பின் ஓரத்தில் நிற்கிறது. ஒரு சாண் நகர்ந்தால் முடிந்தது.

பனியனோடு நின்ற ஒரு அண்ணாச்சி கூட்டத்துக்குத் தலைவராகிவிட்டிருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “ஆளுக்கொரு கை பிடிங்கடே, ஒரே தூக்கு!” என்கிறார். நாங்கள் வருவதற்கு முன்னால் ஒருமுறை தூக்கிப் பார்த்திருக்கிறார்கள். கார் ஆடி, டயர் கொஞ்சம் நகர்ந்து, வாத்தியார் அலறியிருக்கிறார். இப்போது இரண்டாவது முறைக்கு இருபது கைகள் காரில் இருந்தன.

“கைய எடுங்க எல்லாரும்!” என்று கத்தினேன். கையை எடுத்தார்கள். குனிந்து வாத்தியாரைப் பார்த்தேன். முகம் சிவந்து கருத்திருந்தது. மூச்சு பாதி பாதியாக வருகிறது.

“சார், பேச முடியுதா?”

“பைய... பையப் பண்ணுங்க.”

“பையத்தான் பண்ணுவோம். நீங்க அசையாதீங்க.”

எழுந்து, பெட்டியைத் திறந்து ஜாக்கி எடுக்கச் சொல்லி எங்கள் ஆளுக்குக் கை காட்டினேன். அவன் பெட்டியைத் திறந்தான். திறந்தபடி நின்றான். பிறகு என்னைப் பார்த்தான். நான் போய் எட்டிப் பார்த்தேன். உள்ளே ஒரு மாவிலைக் கொத்து கிடந்தது. ஜாக்கி இல்லை, கடப்பாரை இல்லை, கட்டை ஒன்றுகூட இல்லை. எல்லாம் சிவப்புத் துணியில் சந்தனப் பொட்டோடு சாமிக்கு முன்னால் இருக்கின்றன. வாழைக்கன்று மட்டும் வந்திருக்கிறது.

என் காதில் ஒரு சத்தமும் விழவில்லை. பயம் என்று சொல்ல மாட்டேன், அதைவிட மோசம், வெட்கம். இருபது பேர் பார்க்கிறார்கள், காக்கிச் சட்டை போட்டவன் வெறுங்கையோடு வந்திருக்கிறான். வயர்லெஸ்ஸில் சொல்லி, நிலையத்தில் இருந்த ஒரே ஆளிடம் சாமானைக் கொண்டுவரச் சொன்னேன். அவன் ஆட்டோ பிடித்து வருவதற்குள் கால் மணி, இருபது நிமிஷம். வாத்தியாருக்கு அவ்வளவு மூச்சு இருக்கிறதா?

இந்த இடத்தைக் கவனியுங்கள். உங்களுக்கும் ஒரு நாள் வரும். அப்போது உள்ளுக்குள் ஒரு குரல் சொல்லும்: தெரிந்துவிடக் கூடாது, சமாளி, ஏதோ செய்கிற மாதிரி செய்துகொண்டே இரு. எனக்கும் சொன்னது. ஒரு நிமிஷம் நான் அதைக் கேட்கவும் செய்தேன், பெட்டியை மூடிவிட்டு, வாழைக்கன்றைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டேன். கயிற்றால் அங்கே ஒரு பிரயோசனமும் கிடையாது. அடியில் இருந்து வாத்தியார் இருமினார். அந்த இருமலில்தான் எனக்குப் புத்தி வந்தது.

தெருவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன். “எங்க ஜாக்கி ஸ்டேஷன்ல பூசையில இருக்கு. மறந்து வச்சிட்டு வந்துட்டேன். தப்பு என்னுது. ஜாக்கியும் மரக்கட்டையும் வேணும், யார்ட்ட இருக்கு?”

யாரோ ஒருவர் சிரித்தார். சிரிக்கட்டும். “எங்க வீட்டு ஜாக்கியும் பூசையிலதான் சார் இருக்கு” என்றார் ஒருவர். “எங்க வீட்டுலயும்” என்றார் இன்னொருவர். அந்தத் தெருவில் ஏழெட்டு ஜாக்கி இருந்திருக்கும், அத்தனையும் பூவோடு.

அப்போது வாத்தியாரின் மனைவி உள்ளே ஓடினார். காருக்கு அடியில் இருந்து மெல்லிய குரல் ஒன்று வந்தது.

“ஏளா... பேச்சி... பூசையில வச்சத... எடுக்காத.”

தம்பிகளா, நான் பொய் சொல்லவில்லை. நெஞ்சில் கார் கிடக்கிறது, மனிதர் பூசைக்கு வக்கீலாகப் பேசுகிறார்.

உள்ளே இருந்து அந்த அம்மாள் பதில் சொன்னார். “அம்மன் கேட்டா நான் பதில் சொல்லிக்கிடுதேன். நீங்க மூச்சு உடுங்க, பேசாதீங்க!” அடுத்த நொடி ஜாக்கியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தார். செவ்வந்திப் பூ ஒன்று அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

எதிர் வீட்டில் மரக்கடை வைத்திருக்கிற பாய் ஒருவர். அவர் யாரும் சொல்லாமலே கடையைத் திறந்து, தோளில் கட்டைகளைச் சுமந்துகொண்டு வந்தார். அறுத்த தேக்குத் துண்டுகள், ஒவ்வொன்றும் வழுவழுவென்று.

“தேக்கு வேண்டாம் பாய், எதுன்னாலும் போதும்.”

“உசிருக்குத் தேக்குதான் வே. சும்மா வையும்.”

கட்டை வந்துவிட்டது, ஜாக்கி வந்துவிட்டது. இப்போது எல்லோருக்கும் அவசரம். அவசரப்படக் கூடாதவன் நான் ஒருவன்தான். வாசல் தெருவை நோக்கிச் சரிவு. பின்சக்கரத்தைப் பார்த்தேன். அங்கே முட்டு எதுவும் இல்லை. முன்பக்கத்தைத் தூக்கினால் கார் உருளும்.

“பின்சக்கரத்துக்குக் கல்லு வைங்க.”

“பழம் இருக்கே சார்” என்றார் ஒருவர். சாயங்காலப் பூசைக்காகச் சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

“பழம் திருஷ்டிக்கு. கல்லு காருக்கு. ரெண்டும் இருக்கட்டும், கல்லக் கொண்டாங்க.”

பனியன் அண்ணாச்சியை என்ன செய்வது என்று யோசித்தேன். அவரை ஒதுங்கச் சொன்னால் ஒதுங்க மாட்டார், அவருக்குக் கை அரிக்கிறது. அவர் தோளில் கை போட்டு, “அண்ணாச்சி, ஒரு பெரிய வேல. ஒருத்தன் கைகூட கார்ல படக் கூடாது. அது உங்க பொறுப்பு” என்றேன். அவ்வளவுதான். அதன் பிறகு அவரைப் போல ஒரு காவலை நான் பார்த்ததில்லை. தெருவையே பத்தடி பின்னால் தள்ளிவிட்டார். சொந்தத் தம்பியையே, “ஏலே, கால எடு, அங்கன நில்லு” என்று விரட்டினார். கூட்டம் உங்களுக்குத் தொந்தரவு செய்கிறது என்றால் அநேகமாக நீங்கள் அதற்கு வேலை கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

ஜாக்கியை வைக்கும் முன் அதன் தலையில் இருந்த சந்தனத்தைத் துடைத்தேன். சந்தனம் வழுக்கும். என் சட்டை நுனியால்தான் துடைத்தேன். அடியில் ஒரு தேக்குப் பலகை, அதன் மேல் ஜாக்கி. ஒரு சுற்று. கார் முனகியது. அந்தக் கொஞ்ச உயரத்துக்கு ஒரு கட்டை உள்ளே போனது. இன்னொரு சுற்று, இன்னொரு கட்டை. தூக்கின உயரத்தைக் கட்டை வாங்கிக்கொண்ட பிறகுதான் அடுத்த சுற்று. பாய் ஒவ்வொரு கட்டைக்கும் “பிஸ்மில்லா” என்று முணுமுணுத்தபடி எடுத்துக் கொடுத்தார். எங்கள் டிரைவர் வாத்தியாரின் தலைமாட்டில் படுத்துக்கொண்டு அவரோடு பேசிக்கொண்டிருந்தார். “சார், நான் எட்டாங்கிளாஸ்ல சயன்ஸ்ல பெயிலு” என்று அவர் சொல்ல, அடியில் இருந்து, “எந்த... பள்ளிக்கூடம்?” என்று கேள்வி வந்தது.

நாலாவது கட்டைக்கு வாத்தியாரின் நெஞ்சுக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு விரல் இடம் தெரிந்தது. அவர் முழு மூச்சு ஒன்று இழுத்தார். தெரு முழுவதும் அந்த மூச்சைக் கேட்டது. “இழுங்க, இழுங்க!” என்று எல்லோரும் கத்தினார்கள். எங்கள் ஆள் ஒருவனே அவர் காலைப் பிடித்துவிட்டான். அவன் கையைத் தட்டிவிட்டேன். ஜாக்கி கொஞ்சம் சாய்ந்திருந்ததை அவன் பார்க்கவில்லை. இறக்கி, நேராக்கி, மறுபடி ஒரு சுற்று, ஐந்தாவது கட்டை. கட்டையைத் தட்டிப் பார்த்தேன், அசையவில்லை. அப்புறம்தான், “இப்ப இழு, பைய” என்றேன்.

வந்துவிட்டார். சட்டை முழுக்க எண்ணெய், தலையில் கல் பொடி. பலகையில் படுக்கவைத்தோம். கண்ணைத் திறந்து மனைவியைத் தேடினார். சாகாமல் வந்த மனிதர் பேசின முதல் வார்த்தை எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

“ஜாக்கிய... திரும்ப உள்ள வச்சிரு.”

தெருவே சிரித்தது. பனியன் அண்ணாச்சி சிரித்துக்கொண்டே அழுதார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சந்தோஷம் தாங்காமல் எங்கள் டிரைவர் முதுகில் ஓங்கி ஓர் அடி அடித்தேன், பாவம். அவ்வளவு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வரவில்லை என்று வீட்டில் சொல்லி, அதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சிரிக்காமல் நின்றது வாத்தியாரின் மனைவி மட்டும்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நான் பக்கத்தில் போனேன்.

“எல்லாம் என்னாலதான் சார்” என்றார். “கழத்துன டயர எங் கோலத்து மேல கொண்டு வச்சாரு. விடிய எந்திரிச்சுப் போட்ட கோலம். கருப்பு டயரு. நல்ல நாளும் அதுவுமா இத இங்கன வைக்கணுமான்னு ஏசுனேன். அவரு கோவத்துல கார் அடியில தள்ளி உட்டாரு. அது இடிச்சுத்தான கல்லு உடஞ்சிருக்கும்?”

நான் அவரைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் டயரைக் காட்டினேன். காரின் விளிம்பு அழுத்தினதில் டயரின் ரப்பர் பிளந்திருந்தது, நடுவில் இருந்த இரும்பு கொஞ்சம் நெளிந்திருந்தது.

“அம்மா, கல்லு உடஞ்சது கல்லு சொத்தைங்கறதால. இந்த டயரு அதை இடிக்கல. இது கோலத்து மேல இருந்திருந்தா கார் நேரா அவரு நெஞ்சுல இறங்கியிருக்கும். நீங்க ஏசினதாலதான் இது அடியில போச்சு. அதனாலதான் அவரு இப்ப இருக்காரு.”

அவர் டயரைப் பார்த்தார். பிறகு கணவரைப் பார்த்தார். ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போய் அவர் காதருகே, “கேட்டீங்களா? நான் ஏசினதாலதான்” என்றார். வாத்தியார், “கேட்டேன், கேட்டேன், இனி ஆயுசுக்கும் இதத்தான் கேக்கணும்” என்றார். விலா எலும்பு இரண்டில் கீறல், தோளில் அடி, வேறு ஒன்றும் இல்லை என்று சாயங்காலம் தெரிந்தது. காரைப் பட்டறைக்காரர் வந்து இழுத்துக்கொண்டு போனார்.

நாங்கள் திரும்பி வரும்போதுதான் ஆட்டோ எதிரே வந்தது, எங்கள் ஆள் மடியில் ஜாக்கியை வைத்துக்கொண்டு. நிலையத்துக்குப் போய் முதல் காரியமாகச் சாமான் அத்தனையும் அதனதன் பெட்டியில் ஏற்றினோம். மிச்சச் சுண்டலை யாரும் தொடவில்லை.

டிரைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அண்ணாச்சி, அறிக்கையில ஜாக்கி விஷயம் வேணுமா? ஆளுதான் பிழச்சிட்டாரே” என்றார். அவர் என் மேல் உள்ள பாசத்தில் சொன்னார், தப்பில்லை. ஆனால் தெருவில் கத்திச் சொன்னதைத் தாளில் மறைத்தால் நான் எதற்குத்தான் ஆவேன்? எழுதினேன். சுண்டல் உட்பட எழுதினேன்.

அலுவலர் மறுநாள் மாலை வந்தார். கடுமையான மனிதர், ஆனால் நியாயமானவர். அறிக்கையைப் படித்தார். எழுந்து போய் வண்டிப் பெட்டியைத் திறந்து, ஜாக்கி இருக்கிறதா என்று பார்த்து மூடினார். “மெமோ கொடுக்கணும் வே உமக்கு” என்றார். “கொடுங்கய்யா” என்றேன். கொடுத்தார். ஏன் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்கக் கூடாது, எழுத்தில் விளக்கம் தருக. கொடுத்த கையோடு டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷத்திலிருந்து எங்கள் நிலையத்தில் மேசை கிடையாது. சாமான் பெட்டியிலேயே இருக்கும், பெட்டிக் கதவைத் திறந்துவைத்து அங்கேயே சந்தனம் வைப்போம், ஜாக்கியின் தலையை மட்டும் விட்டுவிட்டு. சாமி ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

விளக்கம் எழுத நான் பட்ட பாடு இருக்கிறதே, காரைத் தூக்கினது அதற்குப் பரவாயில்லை. இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். கடைசியில் ஒரு பக்கத்தில் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்திருந்தபோது, வாத்தியாரும் அவர் மனைவியும் நிலையத்துக்கு வந்தார்கள். அவர் வலது கை கழுத்தில் கட்டின துணியில் தொங்குகிறது. எல்லோருக்கும் நன்றி சொன்னார். பேச்சுவாக்கில் டிரைவர் மெமோவைப் பற்றி உளறிவிட்டார்.

வாத்தியாருக்கு முகம் மாறிவிட்டது. “அந்தத் தாளக் கொண்டாரும்” என்றார். படித்தார். “நல்லா எழுதியிருக்கீரு, ஆனா சாட்சி இல்லயே” என்றார். என் பேனாவை வாங்கி, இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுதுகிற மாதிரி கோணல்மாணலாக என் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: மேற்படி காருக்கு அடியில் கிடந்தவன் நான்தான். இவர் கேட்டு வாங்கின ஜாக்கியால் வெளியே வந்தேன். உயிரோடு இருக்கிறேன். அதற்குக் கீழே கையெழுத்து. அவர் மனைவி பேனாவை வாங்கித் தானும் ஒரு கையெழுத்துப் போட்டார், எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

அலுவலர் அந்தத் தாளைப் படித்தார். “இத எப்பிடிவே மேல அனுப்புறது? இப்பிடி ஒரு விளக்கத்த யாரும் பார்த்திருக்க மாட்டாங்களே” என்றார். “அப்படியே அனுப்புங்கய்யா” என்றேன். அப்படியே அனுப்பினார். ஒரு எச்சரிக்கையோடு அது முடிந்தது.

தம்பிகளா, தங்கைகளா, நீங்கள் தப்பு செய்ய மாட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஏதோ ஒரு நாள் ஏதோ ஒரு சுண்டல் வரும். செய்துவிட்டால் உரக்கச் சொல்லுங்கள், வெட்கப்பட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்காதீர்கள். மெமோ வரும், வாங்கிக்கொள்ளுங்கள், விளக்கமும் எழுதுங்கள். அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டிய ஆள் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.